கொல்லாதே போட்ட சர்வர்

ஆடாம படுத்திருக்கணுமாம். சொல்றவங்களுக்கு என்ன, சொல்லிட்டு அக்கட்டால போயிருவாங்க. ஆடக்கூடாதுன்னு யாராச்சும் சொன்ன ஒடனே எனக்கு மூக்கு நுனி அரிக்க ஆரம்பிச்சிரும், இப்பவும் அரிக்குது, கையைத் தூக்கிச் சொறியலாம்னா தூக்க இடமில்ல, மொகத்துக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல வெள்ளைக் கூரை வளைஞ்சு வந்து ரெண்டு தோளையும் புடிச்சு வச்சிருக்குது. கண்ணை மூடித் தூங்கிருங்க மேடம், ஒரு சிலரு கொறட்டையே விடுவாங்கன்னு அந்த ஸ்கேன் புள்ள யமுனா சிரிச்சுச்சு. யாரு சாமி அவங்க, இந்த டமடம சத்தத்துல கொறட்டை விடற புண்ணியவானுக. இடுப்புல நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவுல ஏதோ பிதுங்கி நிக்குதுன்னு டாக்டருக்குச் சந்தேகம். நாற்காலியே கதின்னு உக்காந்து கம்ப்யூட்டரைப் பாத்தா பிதுங்காம என்ன பண்ணும்னு கதிர் கேக்கறாரு. என் வீட்டுக்காரரு. அவரு வெளிய உக்காந்திருக்காரு, மடியில என் கைப்பை, பைக்குள்ள என் போனு, கம்மல், வளையல், தாலிக்கொடி. இரும்பு தங்கம் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு கேள்விப்பட்டதும் மாமியா காலையிலயே மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சத்துண்டை முடிஞ்சு கழுத்துல கட்டி விட்டுட்டாங்க, வெறுங்கழுத்தோட போயிப் பொட்டிக்குள்ள படுக்காதே அம்மிணின்னாங்க. பொட்டின்னு அவங்க சொன்னப்பச் சிரிச்சேன். இப்பச் சிரிப்பு வரலை. வலது கைக்குள்ள ஒரு ரப்பர் பந்து இருக்குது. முடியவே முடியலைன்னா இதை அமுக்குங்க மேடம், வெளிய இழுத்துருவோம், ஆனா சும்மாச் சும்மா அமுக்கிராதீங்க, அமுக்குனா அந்தப் படம் மறுபடி மொதல்ல இருந்து எடுக்கணும்னு சொல்லித்தான் குடுத்துச்சு. நான் எதுக்கு அமுக்கப் போறேன், வைகாசி வெயில்ல பட்டுச்சீலையக் கட்டிக்கிட்டு முகூர்த்தம் முடியற வரைக்கும் மணவறையில உக்காந்தவ நானு. வேற எதையாச்சும் யோசிச்சுக்கிட்டே நேரத்தைத் தள்ளிரலாம்னு நேத்து பாத்த வேலைய யோசிச்சேன். அங்கதான் வந்துச்சு வினை. நேத்து சாயங்காலம் லேப்டாப்பை மூடுனேன். சர்வரை மூடுனனா?

மூடியிருப்பேன். கேஸ் அடுப்ப அணைக்கற மாதிரி, மனசு எங்கயோ இருந்தாலும் கையே அதும்பாட்டுக்கு அணைச்சிரும். இல்ல, மூடல. மூடியிருந்தா சீட்டைக் கிழிச்சிருப்பேன், கிழிச்ச ஞாபகம் இல்ல. சீட்டுன்னா நெசச் சீட்டு இல்ல. மாமியா ஒருக்கா கேட்டாங்க, நீ என்னதான் வேலை செய்யறே அம்மிணின்னு, அன்னைக்கு அரிசி பொடைச்சுக்கிட்டே கேட்டாங்க, நானும் பக்கத்துல உக்காந்து சொன்னேன். ரத்தம் சோதிக்கற லேபுக இருக்குதுல்லீங்கத்தே, அவங்களுக்கு நாங்க சாஃப்ட்வேர் பண்றோம். புதுசா ஒரு வரி எழுதினாலும் அது சரியா இருக்குதான்னு மிஷினே சோதிச்சுக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் விவரமெல்லாம் போட்டு வெக்கற சின்ன சர்வர் ஒண்ணு பொறக்கும், பத்து நிமிஷம் உசுரோட இருக்கும், சோதனை முடிஞ்சதும் செத்துரும். ஒரு நாளைக்கு எத்தனையோ பொறந்து சாகும். ஈசல் மாதிரியான்னு கேட்டாங்க. ஆமாங்கத்தே, ஈசலேதான். ஈசலுக்கு யாராச்சும் பூட்டுப் போடுவாங்களா? பாஸ்வேர்டு வெக்க மாட்டோம். உள்ள இருக்கறதும் நெசப் பேருக இல்ல, நோயாளி ஒண்ணு, நோயாளி ரெண்டுன்னு நாங்களே கட்டிவிட்டது. மடியில கனமில்லைன்னா வழியில எதுக்கு பயம். திரு மட்டும்தான் ஒத்துக்க மாட்டான். திருமூர்த்தி, எனக்குப் பக்கத்து நாற்காலி, என்னைவிடச் சின்னவன், உடுமலைக்காரன், குசும்புக்குன்னே பொறந்தவன். பாஸ்வேர்டு இல்லாத சர்வரைப் பாத்துட்டான்னா, ஏனுங்க்கா, மறுபடியும் கதவில்லாத கக்கூஸ் கட்டி வச்சிருக்கறீங்களாம்பான். பத்து நிமிஷந்தானடா இருக்கப் போகுதுன்னு சொன்னா, கக்கூஸ்ல யாருங்க்கா அரை நாளு உக்காந்திருக்கறாங்க, பத்து நிமிஷத்துக்குத்தானே கதவு வெக்கறோம்பான். சாகாம நிக்கற சர்வருகளக் கொல்றதுக்குன்னே ஒரு புரோகிராம் சுத்திக்கிட்டு இருக்குது, எங்க டீம்ல அதுக்கு எமன்னு பேரு. ஆனா ஒரு சோதனை தப்பாப் போயிருச்சுன்னா உள்ள என்ன நடந்துச்சுன்னு பாக்கணுமே, அதுக்குள்ள எமன் வந்துரக் கூடாதுல்ல, அதனால சர்வர் பேருக்குப் பக்கத்துல கொல்லாதேன்னு ஒரு சீட்டு ஒட்டுவோம். ஒட்டிட்டா அது மார்க்கண்டேயன். ஒட்டுனவங்களே கிழிக்கணும், இல்லைன்னா அந்த வாரம் யாரு காவலோ அவங்க கிழிக்கலாம். நேத்து நான் ஒரு சீட்டு ஒட்டுனேன். இந்த வாரக் காவல் திரு.

சத்தம் நின்னு போச்சு. நல்லா ஒத்துழைக்கறீங்க மேடம், அடுத்தது கொஞ்சம் சத்தமா இருக்கும்னு காதுல மாட்டி விட்ட ஹெட்போன்ல யமுனா சொல்லுது. சரிங்கன்னேன். என் கொரலு எனக்கே எங்கியோ கெணத்துக்குள்ள இருந்து கேக்குது. ரோட்டைத் தோண்டற மிஷின் மாதிரி ஆரம்பிச்சிருச்சு. முதுகுக்கடியில பலகையே அதிருது. நெஞ்சும் அதிருது, ஆனா அது மிஷினால இல்ல. மடியில கனமில்லைன்னு பெருசாப் பேசினேன்ல, நேத்து மடியில ஒரு ஊர்ச் சனத்தையே கட்டி வச்சதும் நானேதான். ஒரு லேபுல ஒருத்தரு ரிசல்ட்டு இன்னொருத்தருக்குப் போயிருச்சு. சக்கரை இல்லாத கிழவருக்குச் சக்கரைன்னு போயி, அவரு மூணு நாளாச் சோத்தையே தொடலையாம். லேபுக்காரரு மேனேஜரைத் திட்டி, மேனேஜரு என்னைத் திட்டி, நான் யாரைத் திட்டறதுன்னு தெரியாம கதிரைத் திட்டி, ஒரே ரோதனை. நாங்க கட்டிவிட்ட பேருகள வச்சு எத்தனை தடவை ஓட்டுனாலும் அந்தத் தப்பு வரவே மாட்டேங்குது. நோயாளி ஒண்ணுக்கும் நோயாளி ரெண்டுக்கும் எப்படிக் குழப்பம் வரும்? நெசச் சனங்கதான் ஒரே வீட்டுல ஒரே இனிஷியல்ல ஒரே போன் நம்பர்ல நாலு பேரு இருப்பாங்க. அதனால லேபோட நெச விவரம் அத்தனையும் எடுத்து அந்த ஈசல் சர்வருக்குள்ள கொட்டுனேன். செய்யக் கூடாது. டீமுக்கே தெரியும் செய்யக் கூடாதுன்னு, திரு அதுக்காக மீட்டிங்ல மேசையத் தட்டியிருக்கான். ஒரு சாயங்காலந்தானேன்னு செஞ்சேன். கொல்லாதே ஒட்டுனேன். அதோட விட்டனா? வீட்டுல கரண்டு போயிப் போயி வந்துச்சு. போயி வர்றப்பெல்லாம் வீட்டு இன்டர்நெட்டுக்கு அட்ரஸ் மாறிரும், மாறுனா சர்வர் கேட்டுல நிக்கற காவல் புரோகிராமுக்கு நான் யாருன்னே தெரியாது, உள்ள விடாது. மறுபடி மறுபடி அட்ரஸ் எழுதிக் குடுத்துக் குடுத்துச் சலிச்சுப் போயி, எழவு யாரு வேணாலும் வரட்டும்னு கேட்டையே தொறந்து விட்டுட்டேன். கதவில்லை, பூட்டில்லை, காவலில்லை, எமனும் வர மாட்டான். உள்ள ஊர்ச் சனத்தோட ரத்தம். இதைச் செஞ்சவளுக்கு ஆபீஸ்ல வருஷா வருஷம் நல்ல பேரு வேற குடுக்கறாங்க. அது சரி, இத்தனையும் செஞ்சவ வேலை முடிஞ்சதும் சீட்டைக் கிழிக்காம எப்படி எந்திரிச்சுப் போனேன்? அதான் புரியல. தப்பைக் கண்டுபுடிச்சிட்டேன், ஒரே போன் நம்பர் இருக்கற பேருகள ஒண்ணொண்ணாப் பாத்துட்டு வந்தேன், பாத்துட்டே வந்தேன், அப்புறம் பட்டுனு லேப்டாப்பை மூடுனேன், தோசை ஊத்தப் போனேன். மூடுனதுக்கும் தோசைக்கும் நடுவுல என்ன? ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லைன்னு சொல்லாதே ரேணுகா. படுத்திருக்கறது பொட்டிக்குள்ள, இங்க யாரு கேக்கப் போறாங்க.

திரு பேரு இருந்துச்சு. எத்தனையோ திருமூர்த்திக இருக்கறாங்க, உடுமலைப் பக்கம் வீட்டுக்கொரு திருமூர்த்தி. ஆனா போன் நம்பர் நம்ம திருவோடது, அவங்கம்மா பேருக்கும் அதையே குடுத்திருக்கான். காவல் வாரத்துல நடுராத்திரி எதாச்சும் ஒடைஞ்சா நான் கூப்புடற நம்பர், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அந்த லேபோட திருப்பூர் கிளையில ரத்தம் குடுத்திருக்கான், அத்தனை தூரம் போயி, நம்ம கம்பெனியில சேர்றதுக்கும் முந்தி. எச்.ஐ.வி. பக்கத்துல ரியாக்டிவ், இருக்குதுன்னு அர்த்தம். அதுக்கு மேல நான் படிக்கல. படிக்கலைன்னு சொல்றேன், கண்ணு படிச்சிருச்சு. பாத்ரூம் கதவத் தள்ளித் தொறந்து உள்ள ஆள் இருக்கறதப் பாத்துட்டா என்ன பண்ணுவோம், பட்டுனு இழுத்துச் சாத்திட்டு ஓடிருவோம்ல, தாழ்ப்பா விழுந்துச்சான்னு யாரு நின்னு பாக்கறாங்க. நான் சாத்துனது லேப்டாப்பு மூடிய. மூடியச் சாத்துனா சர்வர் சாகுமா? பத்தாவது படிக்கற புள்ளைகூடச் சொல்லும், சாகாதுன்னு. என் வேலையே அதுதான், எனக்குத் தோணலை. பக்கத்துலயே இத்தனை வருஷமா உக்காந்திருக்கான். போன மாசம் கேக் வெட்டறப்பக் கத்தி பட்டு அவன் வெரல்ல ரத்தம் வந்துச்சு. நான் துணியோட ஓடுனேன், நீங்க தள்ளுங்க்கான்னு கத்துனான் பாரு, ஆபீஸே திரும்பிப் பாத்துச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு, ரெண்டு நாளு அவன்கிட்டப் பேசல, நாமெல்லாம் தொடக்கூடாத அளவுக்குத் தொரை ஆயிட்டான் போலன்னு கதிர்கிட்டச் சொல்லிக் குமுறுனேன். ஐயோ. என்னைக் காப்பாத்தறதுக்குத்தான் கத்தியிருக்கான். அதைவிடக் கேவலம் ஒண்ணு, நேத்து அந்த வரியப் பாத்ததும் எனக்கு மொதல்ல வந்த நெனப்பு அவனைப் பத்தி இல்ல. அன்னைக்கு என் கையில காயம் ஏதாச்சும் இருந்துச்சான்னு என் கையத் திருப்பிப் பாத்தேன். இத்தனைக்கும் படிச்சவ. பக்கத்துல உக்காந்தா வராது, ஒரே டம்ளர்ல குடிச்சா வராது, மாத்திரை எடுத்துக்கிட்டா எல்லாரு மாதிரியும் நூறு வயசு இருக்கலாம், எல்லாம் தெரியும், ஆனாலும் கையத் திருப்பிப் பாத்தேன். செருப்பால அடிக்கணும். அவன, எங்க சித்தி பொண்ணப் பாக்கறயாடான்னு எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கேன். எனக்கு இந்தச் சர்வருகளே போதுங்க்கா, பத்து நிமிஷத்துல போயிரும், சண்டை போடாதுன்னு சிரிப்பான். சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான். ஆபீஸ்ல ஒருத்தருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், படிச்ச எனக்கே கை திரும்புச்சுல்ல, மத்தவங்க எல்லாம் நாற்காலியவே தள்ளிப் போட்டுக்குவாங்க. ஊருல அவங்கம்மா டெய்லர் கடை வச்சிருக்கறாங்க, கடைக்கு ஒரு ரவிக்கை தெக்கக்கூட ஆள் வர மாட்டாங்க.

இப்ப மணி என்ன ஆயிருக்கும். இதுக்குள்ள வந்தா நேரமே தெரியல. கேட்டைத் தொறந்து போட்ட சர்வரை யாரு கண்டுபுடிக்கப் போறாங்கன்னு நெனைக்க முடியாது, உலகத்துல எங்கயோ உக்காந்துக்கிட்டு வீதி வீதியாக் கதவத் தட்டிப் பாக்கறதுக்குன்னே புரோகிராம் எழுதி விட்டிருக்கறாங்க, தொறந்திருந்தா வழிச்சு எடுத்துக்கிட்டு, காசு குடு இல்லைன்னா ஊருக்கெல்லாம் காட்டுவேன்னு எழுதி வச்சிட்டுப் போவான். ஒரு ராத்திரி முழுக்கத் தொறந்து கெடந்திருக்குது. பந்தை அமுக்கலாம். அமுக்குனா வெளிய இழுப்பாங்க, கதிர்கிட்டப் போனை வாங்கிக் கூப்புடலாம். யாரைக் கூப்புடறது? சீட்டைக் கிழிக்க என்னால முடியும், லேப்டாப்பு வீட்டுல கெடக்குது, வீடு வடவள்ளியில, போய்ச் சேர ஒரு மணி நேரம். இல்லைன்னா காவல்காரன். அவன்கிட்டச் சொன்னா அவன் உள்ள பாக்காம மூட மாட்டான், அது அவனே போட்ட சட்டம், மூடறதுக்கு முந்தி என்ன இருந்துச்சு, யாரு பாத்தாங்கன்னு எழுதி வெக்கணும்பான். உள்ள போனா அவன் பேரையே பாப்பான். யாரு பாத்தாங்கங்கற எடத்துல என் பேரைப் பாப்பான். கூப்புடலைன்னா ஊரே பாக்கும். கூப்புட்டா அவன் பாப்பான், நான் பாத்ததை. ஆடாமப் படுத்திருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு மனசு சொல்லுது, ஸ்கேன் முடியட்டும், மெதுவா வீட்டுக்குப் போயி நீயே கிழிச்சிரு, ஒருத்தனுக்கும் தெரியாது, அவனும் சிரிச்சுக்கிட்டே இருப்பான், நீயும் கேலி பண்ணிக்கிட்டே இரு. பேஷ். ஊரு சனத்தோட மானம் ரோட்டுல கெடக்கறப்ப எனக்கு அவன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்குதுன்னு படுத்துக் கெடக்கறேன். எத்தனை பேரு இருக்கறாங்க அதுல, அந்தச் சோறு திங்காத கிழவரு, கல்யாணத்துக்கு முந்தி வயித்துல புள்ளையான்னு பாத்த பொண்ணுக. மூச்சு மேல கூரையில பட்டுத் திரும்பி என் மொகத்துலயே விழுகுது. முடியல சாமி. அமுக்குனேன். ஒரு தடவை இல்ல, அமுக்கிக்கிட்டே இருந்தேன்.

பலகை வெளிய வந்துச்சு. என்னாச்சு மேடம், இன்னும் ஒரே படந்தான் பாக்கி, கொஞ்சம் பொறுத்திருக்கலாமேன்னு யமுனா சலிச்சுக்குச்சு. ஒரு போன் பண்ணனும்ங்கன்னேன். போனான்னு அது வாயப் பொளந்துச்சு. ஆஸ்பத்திரிக் கவுனோட, கால்ல செருப்பில்லாம வெளிய ஓடுனேன், கதிர் பதறி எந்திரிச்சாரு, ரேணு, மூச்சு முட்டுச்சான்னாரு, பேசாம பையைத் தொறந்து போனை எடுத்தேன். தாலிக்கொடி கூடவே வந்து கீழ விழுந்துச்சு, அவரு குனிஞ்சு எடுத்தாரு. ரெண்டாவது ரிங் போறதுக்குள்ள திரு எடுத்துட்டான்.

"சொல்லுங்க்கா. ஸ்கேன் முடிஞ்சுதுங்களா?"

"திரு, ஒரு சர்வர் தொறந்து கெடக்குது. நேத்து நான் ஒட்டுன சீட்டு. ஒடனே கிழிச்சிருடா. உள்ள ஒண்ணும் பாக்க வேண்டாம், நான் வந்து எல்லாம் எழுதித் தர்றேன், நீ கொன்னுரு போதும்."

அவன் பின்னாடி காபி மிஷின் ஓடற சத்தம் கேட்டுச்சு.

"காலைல எந்திரிச்சதும் வழக்கம் போல ஒரு சுத்து பாத்தேனுங்க்கா. அப்பவே மூடிட்டேன்."

"உள்ள பாத்தியா?"

"பாத்துட்டுத்தானுங்க்கா மூடணும்."

சொவத்தைப் புடிச்சுக்கிட்டேன். கேக்க வேண்டியதைக் கேட்டேன், அதை மட்டும்தான் கேக்க முடிஞ்சுச்சு. "வெளியாளுக யாராச்சும் வந்திருக்கறாங்களா?"

"யாரு யாரு வந்தாங்கன்னு பதியற லாக் பூராம் படிச்சுப் பாத்தேன். நல்ல நேரம், ஒருத்தனும் வரல. மொத்தமே ரெண்டு பேருதானுங்க்கா உள்ள போயிருக்கறோம். நீங்களும் நானும்."

"திரு..."

"எந்த வரியில நின்னு லேப்டாப்பை மூடுனீங்கங்கறதும் தெரிஞ்சுச்சுங்க்கா. நீங்க சர்வர்கிட்டக் கடைசியாக் கேட்ட கேள்விக்கு வந்த பதில்ல என் பேருதான் கடைசி." அவன் கொரலு சாதாரணமாத்தான் இருந்துச்சு. அதான் என்னால தாங்க முடியல.

"நான் யாருகிட்டயும் சொல்லலப்பா. கதிர்கிட்டக்கூட. சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

"தெரியுங்க்கா. நீங்க சொல்ல மாட்டீங்க. ஆனா இனிமே நான் சிரிச்சா நீங்க வேற மாதிரிச் சிரிப்பீங்க. எனக்கு அது தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். காலைல மேனேஜர்கிட்ட வேற டீம் கேட்டுட்டேனுங்க்கா. காரணம் சொல்லலை. உங்களக் கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க."

போகாதேடான்னு சொல்லணும். கத்தி பட்டதுக்கு அப்புறம் ரெண்டு நாளு நான் பேசாம இருந்தேனே அதுக்கு மன்னிச்சிருன்னு சொல்லணும். நான் அப்படி இல்லைடா, எப்பவும் போலச் சிரிப்பேன்னு சொல்லணும். கையத் திருப்பிப் பாத்தவ எந்த வாயில சொல்றது? அவனே, போயிப் படுங்க்கா, இடுப்பு முக்கியம்னு சொல்லி வச்சிட்டான். என்னாச்சுன்னு கதிர் கேட்டாரு, ஆபீஸ் விசயம்னேன். மேடம், அடுத்த ஆளு காத்திருக்கறாங்க, அந்தக் கடைசிப் படத்தை எடுத்தரலாமான்னு யமுனா கதவத் தொறந்து நின்னுச்சு. போயிப் படுத்தேன். அது என் கையில திரும்பவும் பந்தைக் குடுத்துட்டு, என் மொகத்தைப் பாத்துட்டு, கொரலத் தணிச்சுக் கேட்டுச்சு, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா மேடம்னு. இல்லைங்க, ஒண்ணும் போகலையாம், எல்லாம் பத்திரமா இருக்குதாம்னேன். சரி, ஆடாம இருங்கன்னு பலகையை உள்ள தள்ளுச்சு.